எங்கள் செந்தூல் வீட்டைப் புதுப்பித்த குத்தகையாளரின் வேலை

விலை சொல்வதற்கு முன்பாக அவர் எங்கள் வரவேற்பறையின் மூலையில் குந்தி அமர்ந்து, பையிலிருந்து தகட்டுச் சுரண்டியை எடுத்து, தரையில் ஒட்டியிருந்த வினைல் விரிப்பை உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்த்தார். பழுப்பேறிப் பிசுபிசுத்த பசைக்கு அடியில், சாம்பல் நிறச் சிமெண்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் கற்சில்லுகள் பதித்த டெராசோ தரை இருந்தது. ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு அப்பாவை அழைத்துக் காட்டினார். “ஐயா, இத உடைக்க வேணாம். கல்லு நல்லா இருக்கு. தேய்ச்சு மெருகு போட்டாலே போதும்,” என்றார். 1994-இல் அந்த விரிப்பைத் தம் கையாலேயே ஒட்டிய அப்பாவுக்கு, அதன் அடியில் என்ன இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. அதற்கு முன் வந்து பார்த்த இரண்டு குத்தகையாளர்களும் நின்றபடியே அளவெடுத்து, வரவேற்பறைத் தரை முழுவதையும் உடைத்துப் புதிய டைல் பதிப்பதற்கு விலை போட்டிருந்தார்கள்.

எங்களுடையது கோலாலம்பூரின் செந்தூலில், ஜாலான் ஈப்போ சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), 1978-இல் கட்டப்பட்ட ஒற்றை மாடி வரிசை வீடு. அகலம் 20 அடி, நீளம் 65 அடி. செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் அப்பா வாங்கியது. பின்னால் பின்சந்துவரை தகரக்கூரை போட்டு நீட்டிய சமையலறை எண்பதுகளில் ஒரு முறை கட்டப்பட்டதோடு சரி. அதன் பிறகு யாரும் கை வைக்கவில்லை. அம்மாவுக்கு 73 வயது, அப்பாவுக்கு 78. இருவரும் இனி அந்த வீட்டிலேயே இருக்கப் போகிறார்கள் என்று முடிவானபோதுதான், சமையலறையையும் வரவேற்பறையையும் அவர்களுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்று நானும் தம்பியும் தீர்மானித்தோம். கோவிலில் பழக்கமான ஒரு குடும்பம் கைகாட்டிய சிறு குத்தகையாளர் இவர். நான்கைந்து ஆட்களை வைத்து வேலை செய்கிறார். அவர் வேலையின் நிறையோடு குறைகளையும் எழுதப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஏழு மாதத்துக்கு மேல் அந்தச் சமையலறையில் சமைத்த பிறகே இதை எழுதுகிறேன்.

மூன்று பேரிடம் விலை கேட்டிருந்தோம். ஒருவர் கொடுத்த தாளில் நான்கே வரிகள் இருந்தன. கீழே மொத்தமாக 39,000 வெள்ளி (ரிங்கிட்). இன்னொரு நிறுவனம் கணினியில் வரைந்த அழகான படங்களோடு 82,000 வெள்ளி கேட்டது. படத்தில் இருந்த சமையலறையில் கேஸ் தோம்புக்கும் (சிலிண்டருக்கும்) மாவாட்டும் கிரைண்டருக்கும் இடமே இல்லை. இவர் கொடுத்தது மூன்று பக்கம், 31 வரிகள், 58,400 வெள்ளி. எந்த வேலை, எத்தனை சதுர அடி, என்ன பொருள், அந்தப் பொருளுக்கு உச்ச விலை எவ்வளவு என்பதெல்லாம் அதில் தனித்தனியாக இருந்தன. டைலுக்குச் சதுர அடிக்கு 5 வெள்ளி என்று எழுதி, அதற்கு மேல் விலையுள்ளதை நாங்கள் தேர்ந்தெடுத்தால் வித்தியாசத்தை மட்டும் கொடுக்க வேண்டும் என்று அடியில் குறித்திருந்தார். இடிபாடுகளை ஏற்றிச் செல்ல இரண்டு ரோரோ தொட்டிகளின் வாடகைகூட ஒரு வரியாக இருந்தது. 39,000 வெள்ளி சொன்னவரிடம் இடிபாட்டை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டபோது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று மட்டுமே பதில் வந்தது. அப்படிச் சொல்பவர்களின் செங்கல்லும் உடைந்த டைலும் எங்கள் தாமானின் ஓடைக் கரையில் குவிந்து கிடப்பதைத்தான் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பணம் கொடுக்கும் முறையையும் அவரே எழுதித் தந்தார். கையெழுத்திடும்போது 20 விழுக்காடு. இடிப்பும் குழாயும் வயரிங்கும் முடிந்ததும் 25. டைல் வேலை முடிந்ததும் 25. கேபினட் பொருத்தியதும் 20. மீதி 10 விழுக்காடு, வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து. இந்தக் கடைசி வரியைக் கேட்டுப் பெறத்தான் நான் தயாராகப் போயிருந்தேன், கேட்கத் தேவைப்படவில்லை. என் தோழி ஒருத்தி முன்பணமாக அறுபது விழுக்காட்டைக் கொடுத்துவிட்டு, சுவரை இடித்த மூன்றாம் நாளே குத்தகையாளரின் தொலைபேசி அடங்கிப்போனதால், ஓராண்டு காலம் வாசலில் அடுப்பு வைத்துச் சமைத்தாள். பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை கோரிக்கை வைக்கலாம் என்பது அவளுக்கு யாரோ சொல்லித் தெரிந்தது. ஆனால் என்ன வேலைக்கு எவ்வளவு என்று எழுதிய ஒரு துண்டுத்தாளும் அவளிடம் இல்லை. ஆகவே இவருடைய மூன்று பக்கத்தை நான் வரி வரியாகப் படித்தேன். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் அவர் பெற்ற பதிவுச் சான்றிதழையும், மின்வேலை செய்ய வரும் வயர்மேன் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த அட்டையையும் கேட்டேன். இரண்டையும் முகம் கோணாமல் காட்டினார்.

சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் இடையிலிருந்த சுவரை முழுவதும் எடுத்துவிட்டு, இப்போது எல்லாரும் செய்வதுபோலத் திறந்த சமையலறையாக்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை. குத்தகையாளர் அந்தச் சுவரின் மேல்பகுதியில் இரண்டு இடங்களில் பூச்சைக் கொத்திப் பார்த்தார். ஒரு பக்கம் உத்தரம் போயிருந்தது, மறு பக்கம் தூண் நின்றது. நடுவில் ஏழு அடி அகலத்துக்குத் திறக்கலாம், இரு ஓரங்களையும் தொட முடியாது, பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் ஆணிக்கு மேல் எதுவும் கூடாது என்றார். கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் அனுமதி கிடைத்த பிறகே சுத்தியலை எடுப்பேன் என்பதிலும் உறுதியாக இருந்தார். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இருப்பதால் இது அவருடைய விருப்பம் சார்ந்ததும் அல்ல. ஆனாலும் “சின்ன வேலைதானே, யார் பார்க்கப் போகிறார்கள்” என்று முதல் இருவரில் ஒருவர் சொல்லியிருந்தார். அனுமதிக்காக ஏழு வாரம் காத்திருந்தோம்.

திறந்த சமையலறை என்ற யோசனையை மாற்றியது அவர் அம்மாவிடம் கேட்ட ஒரு கேள்வி. “அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை தடவ தாளிப்பீங்க? மீன் எத்தனை நாளைக்கு ஒரு தடவ பொரிப்பீங்க?” அம்மா விரல்விட்டு எண்ணத் தொடங்கியதும் தம்பிக்கே விடை புரிந்துவிட்டது. காய்ந்த மிளகாயும் கடுகும் வெடிக்கும் சட்டியின் ஆவி சோபாவின் துணியிலும் திரைச்சீலையிலும் ஏறினால் எத்தனை நாளானாலும் இறங்காது. ஆகவே, முன்பக்கம் காப்பி போடவும் காய் நறுக்கவும் உட்கார்ந்து சாப்பிடவும் ஓர் உலர் சமையலறை. அதற்குப் பின்னால் கண்ணாடிச் சறுக்குக் கதவு. அதற்கும் பின்னால், பின்சந்தை ஒட்டி, அடுப்பும் பெரிய தொட்டியும் உள்ள ஈரச் சமையலறை என்று பிரித்தார். மலேசியாவில் புதிதாகக் கட்டப்படும் வீடுகள் பலவற்றில் இந்தப் பிரிவு வந்துவிட்டது. பழைய வரிசை வீட்டில் இருபதடி அகலத்துக்குள் அதைக் கொண்டுவருவதற்குத்தான் கணக்கு வேண்டியிருந்தது. புகைபோக்கியின் குழாயை வளைவு ஒன்றே ஒன்றோடு நேராகப் பின்சுவரை துளைத்து வெளியே விட்டிருக்கிறார். கரி வடிகட்டி வைத்து ஆவியை உள்ளேயே சுற்றவிடும் வகை நம் சமையலுக்கு ஆகாது என்று அவர் சொன்னது சரி என்பதை, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு நெத்திலி வறுத்த முதல் நாளே உணர்ந்தோம்.

மேடையின் உயரத்தை அவர் முடிவு செய்த விதத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மாவின் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பழைய மேடை 35 அங்குலம். நாற்பது ஆண்டுகளாக அம்மா அதன் முன் ஒரு மரப்பலகையைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று சமைத்தார். அந்தப் பலகையை நாங்கள் வீட்டுப் பொருள்களில் ஒன்றாகவே நினைத்துப் பழகியிருந்தோம். இவர்தான் பலகையைப் பார்த்து, “இது எதுக்கும்மா?” என்று கேட்டார். பிறகு ஒரு மேசையை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஒட்டுப்பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, ஒவ்வோர் உயரத்திலும் அம்மாவைச் சப்பாத்தி மாவு பிசைவதுபோலக் கையை அழுத்தச் சொன்னார். தோள் தூக்காமல், முதுகு வளையாமல் அழுத்தம் விழுந்த உயரம் 32 அங்குலம். அதைப் பென்சிலால் சுவரில் கோடு போட்டுக்கொண்டார். அடுப்பு வைக்கும் பகுதியை இன்னும் மூன்று அங்குலம் தாழ்த்தினார்; அடுப்பின் மேல் சட்டியும், சட்டியின் மேல் கரண்டி பிடித்த கையும் வருவதால் அங்கே உயரம் குறைய வேண்டும் என்பது அவர் கணக்கு. உலர் சமையலறையில் மட்டும் வழக்கமான 35 அங்குலம். ஈரச் சமையலறையில் நான் பாத்திரம் கழுவும்போது சற்றுக் குனிய வேண்டியிருக்கிறது. அது அம்மாவின் இடம் என்பதால் எனக்கு அதில் குறையில்லை. மரப்பலகை இப்போது வாசலில் பூத்தொட்டிக்கு அடியில் இருக்கிறது.

சுவருக்குள் மறையும் வேலைகளில்தான் இவருக்குக் கொடுத்த பணத்தின் பெரும் பயன் இருக்கிறது என்பது என் கருத்து. வீட்டிலிருந்தவை துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய்கள். காலையில் குழாயைத் திறந்தால் முதல் ஒரு குவளைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். குழாயை அறுத்தெடுத்த அன்று ஒரு துண்டைக் கழுவாமல் என் கையில் கொடுத்தார். முக்கால் அங்குலக் குழாயின் உள்ளே துரு படை படையாக வளர்ந்து, தண்ணீர் போக மிஞ்சியிருந்த ஓட்டை ஒரு பென்சில் நுழையும் அளவுதான். இதை மாற்றாமல் 39,000 வெள்ளிக்குப் புதுத் தொட்டியும் புதுக் குழாய்முனையும் மட்டும் பொருத்தியிருந்தால், பளபளக்கும் முனையிலிருந்து அதே துருநீர்தான் வந்திருக்கும். கூரைத் தொட்டியிலிருந்து சமையலறைவரை எல்லாக் குழாய்களையும் புதிதாகப் போட்டு, சுவரை மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்து, ஓர் இரவு முழுவதும் அப்படியே விட்டுக் காட்டினார். மூடுவதற்கு முன் குழாய் எங்கெங்கே ஓடுகிறது என்பதை அளவுநாடாவோடு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு சுவரில் அலமாரி மாட்டியபோது அந்தப் படங்கள் எங்களுக்கு உதவின.

மின்வேலையும் அப்படித்தான். பழைய சமையலறையில் இருந்தவை இரண்டே செருகுமுனைகள். மிக்சி, கிரைண்டர், சோறு வேகும் கலம், குளிர்பதனப் பெட்டி எல்லாமே நீட்டிப்புக் கம்பிகளில்தான் ஓடின. பழைய ஃபியூஸ் பெட்டியை அகற்றி, தனித்தனி மின்சுற்றுகளும் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் உள்ள புதுப் பெட்டி வைத்தார்கள்; குளியலறை வெந்நீர்க் கலத்துக்கு மட்டும் 10 மில்லிஆம்பியரில் தனியாக ஒன்று. மேடைக்கு மேல் எட்டு இணைப்புகள். கிரைண்டருக்கான இணைப்பு தொட்டியிலிருந்து எட்ட இருக்க வேண்டும் என்று வயர்மேன் பிடிவாதமாக இருந்தார். ஈரக்கையோடு மாவு வழித்துக்கொண்டே பொத்தானை அழுத்தும் பழக்கம் எந்த வீட்டிலும் உள்ளது என்பதால் நானும் அதை ஆதரித்தேன்.

குறைகளில் முதலாவது கூரையின் உட்தளம். தரையைச் சுரண்டிப் பார்த்தவர் மேலே பார்க்கவில்லை. வரவேற்பறையின் பழைய சிமெண்ட் தகடுகளைக் கழற்றி ஜிப்சம் உட்தளம் போடுவதாக விலைப்பட்டியலில் இருந்தது. ஆனால் அந்தக் காலத்து வீடுகளில் இந்தத் தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு என்பதும், அதை உடைத்தால் கிளம்பும் நுண்ணிழை நுரையீரலில் தங்கி நோய் உண்டாக்கும் என்பதும் தெரிந்தவர் முதலிலேயே ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். வேலை தொடங்கிய இரண்டாம் வாரத்தில்தான், தகட்டில் ஓட்டை போட ஏணியில் ஏறியவரை அவர் நிறுத்தினார். நிறுத்தியது நல்லது, அதற்குள் வேலை நடுவில் நின்றுவிட்டது. மாதிரி எடுத்து அனுப்பி, கல்நார் இருப்பதாக முடிவு வந்து, அதற்கென உரிமம் பெற்ற ஆட்களை அமர்த்தித் தகடுகளை நனைத்து, உடையாமல் இறக்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி எடுத்துப்போக 11 நாள்களும் 2,900 வெள்ளியும் கூடுதலாகச் செலவாயின. அந்த நாள்களில் அப்பாவும் அம்மாவும் தம்பி வீட்டில் தங்க நேர்ந்தது. பணத்தைவிட, முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர்களை அவசரமாக மூட்டை கட்ட வைத்திருக்க வேண்டியதில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். அவர் தம் மேல்தான் தவறு என்று ஒப்புக்கொண்டு, தமக்குரிய கூலியை அந்த வேலைக்குச் சேர்க்கவில்லை. 2,900-உம் அந்த ஆட்களுக்கே போனது.

இரண்டாவது, ஈரச் சமையலறையின் தரைச் சாய்வு. தரைக்கு நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கோட்டு அடித்து, வடிகால் வாயை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்துச் சோதித்தது வரை எல்லாம் முறையாக நடந்தது. டைல் பதித்து முடித்தபின் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். பாதித் தண்ணீர் வடிகாலுக்கு ஓடியது. மீதி சறுக்குக் கதவின் ஓரத்தில் ஒரு தோசை அகலத்துக்குத் தேங்கி நின்றது. டைல் பதித்தவர் ஈரத்தைத் துடைத்துவிட்டால் போதும் என்றார். குத்தகையாளர் அன்று மாலை வந்து, தாமும் ஒரு வாளி கொட்டி, தேங்கிய இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார். மறுநாள் காலையில் அந்தப் பகுதியில் ஒன்பது டைல்களைத் தம் செலவிலேயே பெயர்த்து, பூச்சைச் சரிசெய்து மீண்டும் பதிக்க வைத்தார். வழுக்காத சொரசொரப்புள்ள ஆர்11 வகை டைலை அங்கே போடச் சொன்னவரும் அவரே. அப்பாவின் நடை தளர்ந்திருப்பதைக் கவனித்து, இரண்டு சமையலறைகளுக்கும் வரவேற்பறைக்கும் இடையில் படியோ வரம்போ இல்லாமல் ஒரே மட்டமாக ஆக்கியிருக்கிறார். டெராசோவை உடைக்காமல் விட்டதற்கு அந்த மட்டத்தைக் காப்பதும் ஒரு காரணம்.

கேபினட்டைப் பற்றி மற்றவர்கள் அதிகம் கேட்பதால் சற்று நின்று எழுதுகிறேன். பழைய ஒட்டுப்பலகைக் கேபினட்டின் முதுகைப் பெயர்த்தபோது, தொட்டிக்கு அடியில் கரையான் மண்கோடு சுவரோடு ஏறியிருந்தது. பலகையை விரலால் அழுத்தினால் காகிதம்போல உள்ளே போனது. அதனால் ஈரச் சமையலறை முழுவதும் அலுமினியக் கேபினட், உலர் சமையலறையில் மட்டும் மெலமைன் பலகை என்று முடிவு செய்தோம். கீழ்க் கேபினட் அடிக்கு 480 வெள்ளி, மேலது அடிக்கு 380. அலுமினியத்தைக் கரையான் தின்னாது, தண்ணீரில் ஊறாது, குழாய் கசிந்தாலும் துடைத்தால் போதும். அதற்கென்று குறைகளும் உண்டு. கதவைச் சாத்தும் ஓசை தகரப்பெட்டியை நினைவூட்டும். மெதுவாக மூடும் கீல் வைத்த பிறகே அது தணிந்தது. தட்டுகள் மெல்லியவை. பத்துக் கிலோ கிரைண்டரையும் அம்மா விடாமல் வைத்திருக்கும் இரும்புச் சட்டிகளையும் ஏற்றினால் நடுவில் வளைந்துவிடும் என்பதால், இரண்டு தட்டுகளுக்கு அடியில் குறுக்குச் சட்டம் கேட்டு வாங்கினேன். கேட்காமலே அவர் போட்டிருக்க வேண்டியது அது. நிறங்களும் குறைவு, மரக்கோடு அச்சிட்ட வகை அருகில் நின்று பார்த்தால் செயற்கையாகத்தான் தெரிகிறது.

மேடைக் கல்லில் அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று. எனக்கு இரண்டு சமையலறைகளிலும் வெள்ளைக் குவார்ட்ஸ் வேண்டும் என்று ஆசை. குவார்ட்ஸ் என்பது கல்தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்தியது என்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லையோ இட்லிக் குண்டானையோ நேராக வைத்தால் பிசின் கருகித் தழும்பு விழும். கருங்கல்லில் அந்தப் பயமில்லை என்றார். குவார்ட்ஸ் மாதிரித் துண்டு ஒன்றில் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து வைத்து, மறுநாள் துடைத்துக் காட்டினார். இளமஞ்சள் நிழல் ஒன்று அதில் தங்கியிருந்தது. ஆகவே அடுப்புப் பக்கம் கறுப்புக் கருங்கல், உள்ளே உலர் சமையலறையில் மட்டும் குவார்ட்ஸ். உள்ளேயுள்ள வெள்ளை மேடையில், சாம்பார்க் கரண்டியை இரவு முழுவதும் மறந்து வைத்த இடத்தில், இன்றும் அந்த நிழல் இருக்கிறது. கருங்கல்லுக்கு ஆண்டுக்கு ஒரு முறை காப்புத் திரவம் பூச வேண்டும்; அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வரவேற்பறையில் செய்தவை குறைவு, பலன் அதிகம். பசையை நீக்கி, மூன்று முறை தேய்த்து மெருகிட்ட பிறகு, அந்த டெராசோ தரையில் வாசல் வெளிச்சம் சமையலறை வரை ஓடுகிறது. வெயில் நாளிலும் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. சுவரோரத்தில் இரண்டு இடங்களில் பழைய விரிசல் இருந்தது. அதே நிறச் சில்லு கலந்து அடைத்திருந்தாலும் தேடினால் கண்ணில் படும். சாய்வுக் கண்ணாடி அடுக்குச் சன்னலை எடுத்துவிட்டுப் பெரிய சறுக்குச் சன்னல் வைத்தார்கள். காற்று முன்னைவிடக் குறைந்துவிட்டது என்று அப்பா சொல்வது உண்மை, அடுக்குச் சன்னலை மழையிலும் பாதி திறந்து வைக்க முடிந்தது. அதை மாற்றியதில் எனக்கு இப்போது தயக்கம் இருக்கிறது. சாமி மேடையை முதல் நாளே அம்மா விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் நகர்த்தினார்கள். புதிய இடத்துக்கு மேலே புகை படியாத தகடும், எண்ணெய் சிந்தினால் துடைக்கக்கூடிய கல்லும் வைத்துக் கொடுத்தார்.

காலக்கெடுவில் அவர் தவறினார். தைப்பூசம் முடிந்த பிறகு, 2025 பிப்ரவரி 17 அன்று தொடங்கிய வேலை, சித்திரைப் புத்தாண்டுக்குள், அதாவது எட்டு வாரத்தில் முடியும் என்று எழுதியிருந்தார். முடிந்தது மே 10. கல்நார் எடுத்துக்கொண்ட 11 நாளைத் தள்ளிவிட்டாலும் இரண்டு வாரம் அதிகம். மார்ச் 31-இல் நோன்புப் பெருநாள் வருவதும், அவருடைய டைல் ஆட்கள் இருவரும் இந்தோனேசியாவில் உள்ள ஊருக்குப் போவதும் நாட்காட்டியைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் தேதி கொடுத்தது சரியல்ல. முன்தாழ்வாரத்தில் ஒற்றை அடுப்பு வைத்துச் சமைத்த அம்மாவுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு வாரம்தான். தாமதம் ஆகும் என்று தெரிந்த அன்றே அழைத்துச் சொன்னார் என்பதையும், ஆள் இல்லாத நாள்களில் தாமே தனியாக வந்து சாயம் அடித்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மே 12, சித்ரா பௌர்ணமி அன்று புது அடுப்பில் பால் காய்ச்சினோம். அவரும் ஆட்களோடு வந்திருந்தார். பால் பொங்கி வழிந்து கருங்கல்லில் பரவியபோது, அம்மா துணியை எடுப்பதற்குள் அவர் குனிந்து, வழிந்த பால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் குறை மழையோடு வந்தது. மே மாத இறுதியில் மாலை இடியோடு கொட்டிய பெருமழையில், பழைய ஓட்டுக்கூரையும் சமையலறையின் தகரக்கூரையும் சேரும் இடத்திலிருந்து கண்ணாடிக் கதவின் மேல் சொட்டியது. முதல் முறை வந்தவர்கள் சிலிக்கான் பூசிவிட்டுப் போனார்கள். அடுத்த வார மழையில் மீண்டும் சொட்டியது. இரண்டாம் முறையும் அதே பூச்சு, அதே சொட்டு. மூன்றாம் முறை குத்தகையாளரே ஏறி, இரண்டு வரிசை ஓடுகளைக் கழற்றி, இணைப்பின் நீளம் முழுவதற்கும் அகலமான உலோகத் தகடு மடித்துப் பொருத்தி, பீலியின் சாய்வையும் மாற்றினார். அதன் பிறகு அக்டோபர், நவம்பர் மழை முழுவதையும் பார்த்துவிட்டோம். ஒரு சொட்டும் இல்லை. கோலாலம்பூர் மழைக்குச் சிலிக்கான் தாங்காது என்பது கூரை வேலை தெரிந்த ஒருவருக்குப் புதிய செய்தியாக இருக்க முடியாது. முதல் முறையே அவர் ஏறியிருக்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அம்மாவும் இரண்டு சித்திகளும் மூன்று நாள் தொடர்ந்து முறுக்கும் அதிரசமும் சுட்டார்கள். இரண்டு அடுப்பு, ஒரு கிரைண்டர், மிக்சி, புகைபோக்கி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின. மின்சாரம் ஒரு முறைகூடத் துண்டிக்கவில்லை. 29 அங்குல உயரத்தில் எண்ணெய்ச் சட்டியின் முன் நின்ற அம்மா, மூன்றாம் நாள் மாலை இடுப்பைப் பிடிக்காமல் நடந்து போனார். சித்தி மட்டும் அலுமினியத் தட்டில் மாவுப் பானையை நங்கென்று வைக்கும்போதெல்லாம் முகம் சுளித்தார்.

நவம்பர் 10 அன்று ஆறு மாதம் நிறைந்தது. அதற்கு முந்தைய நாள் அவர் வந்து எல்லாக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து மூடிப் பார்த்தார். தளர்ந்திருந்த இரண்டு கீல்களை முடுக்கினார். டைல்களைக் கைப்பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டி, தொட்டிக்கு அருகில் வெற்றோசை கேட்ட ஒன்றை மாற்றிக் கொடுத்தார். மீதி 5,840 வெள்ளியைக் கொடுத்தேன். கல்நாருக்கு ஆன 2,900-உம், நாங்களே கேட்டுச் சேர்த்த சிறு வேலைகளுக்கான 850-உம் சேர்த்து மொத்தச் செலவு 62,150 வெள்ளி. அடுப்பும் புகைபோக்கியும் தனி. அடுத்த ஆண்டு குளியலறையை மாற்றப் போகிறோம். அவரிடமே கொடுப்பதாக இருக்கிறோம்; இந்த முறை விலைப்பட்டியல் எழுதுவதற்கு முன் உட்தளத்திலும் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றும், பெருநாள் விடுமுறைகளை எழுதிவிட்டுத் தேதி கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். சரி என்று குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.